ஆலோசகர் குழுவுக்குக் காசு கொடுக்கும் முறையை மாற்றினோம்

சம்மாந்துறையில் எங்கள் அரிசி ஆலைக்கு ஈ.ஆர்.பி. மென்பொருள் (கொள்வனவு, களஞ்சியம், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்துவது) போடக் கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகர் குழு வந்தது. நாள் கணக்கில் கட்டணம். மூன்று மாதமாக '90 வீதம் முடிந்தது' என்றே அறிக்கை.

பெரும்போக அறுவடை நெருங்க எனக்குப் பயம் பிடித்தது. பழைய நெல் கொள்வனவுப் பற்றுச்சீட்டு 50ஐ எடுத்து, அவற்றைப் புது மென்பொருளில் பதிந்து பார்க்க எங்கள் களஞ்சியப் பொறுப்பாளரையே கணினி முன் இருத்தினேன். ஈரப்பதம் 14 வீதத்தைத் தாண்டிய மூட்டைக்கு எடை கழிக்க அதில் இடமே இல்லை! குழுவிடம் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. அது எங்கள் பிழை.

அப்புறம் ஒப்பந்தத்தைத் திருத்தினோம். எங்கள் ஆள் சோதித்துக் கையெழுத்து வைத்த வேலைக்கு மட்டுமே பணம். நிர்வாகக் கடவுச்சொல்லும் எங்கள் கையில். வாரம் ஒருமுறை களஞ்சியப் பொறுப்பாளர் பற்றுச்சீட்டுக் கட்டோடு குழுவின் பக்கத்தில் உட்காருவார். முதல் நெல் லொறி வந்த அன்று எடைக் கழிவு சரியாக விழுந்தது.