பிங்க் மெர்சிடிஸும் பச்சை ரெட் புல்லும்: ‘காப்பி’ என்று சொல்லும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 பிப்ரவரியில் பார்சிலோனாவில் நடந்த சோதனை ஓட்டத்துக்கு ஃபார்முலா 1 கார் பந்தய அணியான ரேசிங் பாயின்ட், ஆர்பி20 என்ற புது காரைக் கொண்டுவந்தது. முந்தைய வருடம் பட்டம் வென்ற மெர்சிடிஸ் டபிள்யூ10 காருக்குப் பிங்க் பெயின்ட் அடித்து இறக்கியது போல இருந்தது. மூக்கு, முன் விங், சைடுபாட் (ஓட்டுநருக்கு இருபுறமும் உள்ள பக்கப் பகுதி) என எங்கே பார்த்தாலும் மெர்சிடிஸ் சாயல். ‘பிங்க் மெர்சிடிஸ்’ என்ற பட்டப்பெயர் உடனே ஒட்டிக்கொண்டது. நமக்கும் இந்த அணி அந்நியமில்லை. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டிய ஜோர்டான் அணிதான் பல கை மாறி, நடுவில் விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியாவாக இருந்து, பிறகு ரேசிங் பாயின்ட் ஆனது. இன்றைய ஆஸ்டன் மார்ட்டினும் அதே வழியில் வந்ததுதான்.

அன்று தொடங்கிய சண்டை, ஒரு சின்ன அணியின் புது கார் பெரிய அணியின் காரைப் போல இருக்கும்போதெல்லாம் திரும்ப வருகிறது. அதே தவறான வாதங்களும் கூடவே வருகின்றன.

முதல் தவறு, இரண்டு போட்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீர்ப்பு சொல்வது. எதிராளியின் காரைப் பார்த்து அதேபோல செய்வது ஃபார்முலா 1-ல் குற்றமே இல்லை. பிட் லேனில் (அணிகள் கார்களை நிறுத்தி வேலை பார்க்கும் பாதையில்) மற்றவர்களின் கார்களைப் படம் எடுக்கவே அணிகள் ஆள் வைத்திருக்கின்றன. 2009-ல் பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் மூன்றும் இரட்டை டிஃப்யூசரோடு (காரின் அடியில் ஓடும் காற்றைப் பின்பக்கம் வெளியேற்றும் பாகம்) வந்தபோது மற்றவர்கள் முதலில் புகார் கொடுத்தார்கள். அது செல்லும் என்று தீர்ப்பு வந்ததும் அவர்களே அதைச் செய்யத் தொடங்கினார்கள். யாரும் வெட்கப்படவில்லை. ஆர்பி20-ஐயும் போட்டோக்களைப் பார்த்துத்தான் வடிவமைத்தோம் என்று தொழில்நுட்ப இயக்குநர் ஆண்ட்ரூ கிரீன் வெளிப்படையாகவே சொன்னார். வெளித்தோற்றத்துக்காக மட்டும் அந்த அணியைத் தண்டிக்க விதியில் இடமில்லை.

அப்படியானால் தண்டனை எதற்கு? இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள்.

ஒரு சின்ன அணி இன்னொரு அணியிடமிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் போன்றவற்றைக் காசு கொடுத்து வாங்கலாம். ரேசிங் பாயின்ட் மெர்சிடிஸிடமிருந்து இவற்றை வாங்கியது. பிராக்லியில் இருக்கும் மெர்சிடிஸின் விண்ட் டனலையும் (காரின் மாதிரியைக் காற்றில் சோதிக்கும் கூடம்) பயன்படுத்தியது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால் விதிப்புத்தகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள பாகங்களை ஒவ்வொரு அணியும் தானே வடிவமைக்க வேண்டும். ஓட்டுநர் உட்காரும் கூடும், காற்றைக் கையாளும் வெளிப்பாகங்களும் அதில் அடக்கம். 2019 வரை பிரேக் டக்ட் அந்தப் பட்டியலில் இல்லை. 2020-ல் சேர்த்தார்கள்.

பிரேக் டக்ட் என்றால் பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்தானே என்று நினைக்கலாம். சக்கரத்தின் உட்பக்கம் இருக்கும் அந்தத் துண்டில் குட்டிக் குட்டித் தகடுகள் இருக்கும். டயரைச் சுற்றி ஓடும் காற்றை அவை திருப்பிவிடும். டவுன்ஃபோர்ஸ் (காரைத் தரையோடு அழுத்தும் விசை) கூடும், டயரின் சூட்டையும் அதை வைத்துக் கட்டுப்படுத்தலாம். பெரும்பகுதி சக்கரத்துக்குள் மறைந்திருப்பதால் போட்டோ எடுத்துக் காப்பி அடிப்பதும் கஷ்டம்.

ரேசிங் பாயின்டிடம் டபிள்யூ10-இன் பிரேக் டக்ட் வடிவமைப்பு கம்ப்யூட்டர் கோப்புகளாகவே இருந்தது. பட்டியலில் சேராத காலத்தில் சட்டப்படி வாங்கியது. முன் சக்கர டக்டை 2019 காரிலேயே பயன்படுத்தியிருந்தார்கள், அதனால் அதில் பிரச்சினை வரவில்லை. பின் சக்கர டக்ட் 2019-இல் அந்தக் காரில் ஓடவே இல்லை. 2020 காரில்தான் முதன்முறையாக வந்தது. அப்போது விதி மாறியிருந்தது. வடிவமைத்தது மெர்சிடிஸா ரேசிங் பாயின்டா என்ற கேள்விக்கு, பெரும்பங்கு மெர்சிடிஸ்தான் என்று ஸ்டூவர்ட்கள் (பந்தய நடுவர்கள்) முடிவுசெய்தார்கள்.

ஊரே கை நீட்டிய உடல் வடிவம் தப்பித்தது. யார் கண்ணிலும் படாத பின் பிரேக் டக்ட் மாட்டிக்கொண்டது. இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ‘காப்பி’ என்ற ஒரே வார்த்தையில் இரண்டையும் போட்டுக் குழப்பினால் வழக்கே புரியாது.

அடுத்தது, தண்டனையின் அளவைத் தப்பாகப் படிப்பது. ஆஸ்திரியாவில் ஜூலை 12 அன்று நடந்த ஸ்டிரியன் கிராண்ட் பிரியில் செர்ஜியோ பெரஸ் 6-வது, லான்ஸ் ஸ்ட்ரோல் 7-வது. அவர்களுக்கு அடுத்து 8-வதாக வந்தது ரெனோவின் டேனியல் ரிக்கார்டோ. புகார் கொடுத்ததும் ரெனோதான். நியாய உணர்வு மட்டுமே காரணம் என்று நம்ப நான் தயாரில்லை. ஆகஸ்ட் 7 அன்று தீர்ப்பு வந்தது: அணிக்கு 15 புள்ளிகள் குறைப்பு, 4 லட்சம் யூரோ அபராதம். ஓட்டுநர்களின் புள்ளிகளில் கை வைக்கவில்லை. அந்த டக்டைச் சீசன் முழுக்கப் பயன்படுத்தவும் தடை இல்லை. தெரிந்துகொண்டதை மறந்துவிடு என்று ஒரு அணியிடம் சொல்ல முடியாது என்பது ஸ்டூவர்ட்களின் வாதம்.

‘வெறும் 15 புள்ளியா, சும்மா விட்டுட்டாங்க’ என்று அன்று பலர் கொதித்தார்கள். சீசன் முடிவில் மெக்லாரன் 202 புள்ளிகளோடு மூன்றாவது, ரேசிங் பாயின்ட் 195-ஓடு நான்காவது. 15-ஐக் கூட்டினால் 210. அணிகளுக்கான பரிசுப் பணம் இந்த வரிசைப்படிதான் பிரிக்கப்படுகிறது. அபராதத்தைவிட அந்த ஒரு இடம் வலித்திருக்கும்.

இன்னொரு பெரிய தவறு, வடிவத்தைக் காப்பி அடித்தால் வேகமும் சேர்ந்து வந்துவிடும் என்று நினைப்பது. இதற்கு ‘ரேக்’ பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். காரின் பின்பக்கத்தைத் தூக்கி, முன்பக்கத்தைத் தாழ்த்தி ஓட்டுவது ரெட் புல் பாணி. காரை ஏறத்தாழ மட்டமாக வைத்து ஓட்டுவது மெர்சிடிஸ் பாணி. ரேசிங் பாயின்ட் 2019 வரை ரெட் புல் பாணியில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வாங்கி மாட்டிய கியர்பாக்ஸ் மெர்சிடிஸுடையது, மட்டமான காருக்காகச் செய்யப்பட்டது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. அதனால் முழுக்க மெர்சிடிஸ் பக்கம் சாய்ந்தார்கள். 2021-ல் விதிகளே அடியோடு மாறவிருந்தன, ஒரு வருடக் காருக்குச் சொந்தமாகப் புது யோசனை தேடிக் காசைக் கொட்டுவானேன் என்ற கணக்கும் இருந்தது. புத்திசாலித்தனமான கணக்குதான். டிசம்பரில் பெரஸ் சாகிரில் வென்றார்.

அப்புறம் கொரோனா வந்து புது விதிகளை 2022-க்குத் தள்ளியது. 2020 காரின் அடிப்படையையே வைத்துக்கொண்டு 2021-ஐயும் ஓட்ட வேண்டிய நிலை. அந்த வருடம் பின் டயர்களுக்கு முன்னால் உள்ள தரைத்தட்டை வெட்டச் சொன்னார்கள். மட்டமான கார்களுக்கு அது பெரிய அடி. மெர்சிடிஸ் தடுமாறி, சரிசெய்து, அணிப் பட்டத்தை மறுபடி வென்றது. ஆஸ்டன் மார்ட்டின் என்று பெயர் மாறிய நம் அணி ஏழாவது இடத்துக்குச் சரிந்தது. ஒரு வளைவு ஏன் அங்கே இருக்கிறது என்பது மெர்சிடிஸுக்குத் தெரியும். நிலைமை மாறும்போது எதை மாற்ற வேண்டும் என்பதும் தெரியும். போட்டோவில் அந்தக் காரணம் பதிவாவதில்லை.

2022 மே மாதம் அதே பார்சிலோனாவுக்கு ஆஸ்டன் மார்ட்டின் ‘பச்சை ரெட் புல்’ என்று பெயர் வாங்கிய மாற்றத்தோடு வந்தது. சைடுபாட் அச்சு அசல் ரெட் புல். ரெட் புல்காரர்கள் தங்கள் பிட் சுவரில் பச்சை டின் பானத்தை வைத்துக் கிண்டலடித்தார்கள். ரேஸில் ரெட் புல் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தது, பச்சைக் கார்கள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ரெட் புல்லில் காற்றியக்கப் பொறியாளராக இருந்த டான் ஃபாலோஸ் ஏப்ரலில்தான் ஆஸ்டன் மார்ட்டினுக்கு வந்திருந்தார், ஆகவே அவர்தான் கொண்டுவந்தார் என்று பலர் முடிவுகட்டினார்கள். ஆனால் சைடுபாட்டை வடிவமைத்து, விண்ட் டனலில் சோதித்து, உற்பத்தி செய்து காரில் மாட்ட மாதக்கணக்கில் ஆகும். சில வாரங்களில் நடக்கிற வேலை இல்லை. ஃபார்முலா 1-ஐ நிர்வகிக்கும் எஃப்ஐஏ அமைப்பு விசாரித்து, விதிமீறல் இல்லை என்றது.

பழைய வழக்குகளை இதோடு முடிச்சுப் போடுவதையும் தவிர்க்கலாம். 2007-ல் மெக்லாரனுக்கு 10 கோடி டாலர் அபராதம் விதித்தது, ஃபெராரியின் 780 பக்க ரகசிய ஆவணம் மெக்லாரனின் தலைமை வடிவமைப்பாளர் கையில் இருந்ததற்காக. 1978-ல் ஷேடோ அணியிலிருந்து பிரிந்து போனவர்கள் தொடங்கிய ஆரோஸ், தன் முதல் காரையே லண்டன் நீதிமன்ற உத்தரவால் இழந்தது. இவை உள்ளிருந்து ஆவணமும் வரைபடமும் வெளியே போன கதைகள். பிட் லேனில் கேமரா வைத்துக்கொண்டு நிற்பது வேறு.

பிங்க் மெர்சிடிஸுக்குப் பிறகு 2021 முதல் விதி இறுகியது. பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் போட்டோக்களைச் சாப்ட்வேரில் போட்டு முப்பரிமாண வடிவமாக்குவது, எதிராளி காரின் மேற்பரப்பை ஸ்கேன் செய்வது போன்றவற்றுக்குத் தடை. 2022 முதல் இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. காரின் காற்றியக்கப் பாகங்களில் என்னென்ன புதிது, எதற்காக மாற்றினோம் என்று ஒவ்வொரு கிராண்ட் பிரியிலும் அணிகள் அறிவிக்க வேண்டும். எஃப்ஐஏ அந்த ஆவணத்தை வெளியிடுகிறது. அடுத்த முறை ஏதாவது ஒரு கார் இன்னொன்றைப் போல இருந்தால், போட்டோவைப் பகிர்வதற்கு முன் அந்த ஆவணத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள்.