நாஃபியான் சவ்வில் நீரின் விரவலை என்.எம்.ஆர். கொண்டு அளக்கும் முறை

எரிபொருள் மின்கலங்களில் பயன்படும், புரோட்டான்களைக் கடத்தும் பாலிமரான நாஃபியான் 117 சவ்வின் தடிமன் சுமார் 183 மைக்ரோமீட்டர். அதன் பாலிமர்ச் சங்கிலியில் ஹைட்ரஜனின் இடத்தில் ஃபுளோரின் இருப்பதால், புரோட்டான் என்.எம்.ஆரில் (காந்தப்புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சைகையை அளக்கும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறை) தெரியும் சைகை நீரிலிருந்தும், நீருடன் விரைந்து இடம் மாறிக்கொள்ளும் அமில ஹைட்ரஜனிலிருந்துமே வருகிறது. விரவலை, அதாவது நீர் மூலக்கூறுகள் தாமாக அங்குமிங்கும் பரவுவதை, அளக்கும் இம்முறையைப் பழக இதைவிட வசதியான சவ்வு அரிது.

கருவியைவிட மாதிரிதான் அதிகக் கவனம் கேட்கும். சவ்வை முதலில் 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் கொதிக்கவைத்து அலசி, பிறகு 0.5 மோலார் கந்தக அமிலத்திலும் தூய நீரிலும் சூடாக்கிக் கழுவ வேண்டும். அடுத்து, தெவிட்டிய (மேலும் உப்பு கரையாத) உப்புக் கரைசலுக்கு மேலே, மூடிய கலத்தில், எடை மாறாமல் நிற்கும்வரை வைக்க வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் சோடியம் குளோரைடு 75% ஈரப்பதத்தையும் பொட்டாசியம் சல்ஃபேட் 97% ஈரப்பதத்தையும் தரும். குழாயில் சவ்வுக்கு மேலுள்ள காலியிடத்தை டெஃப்லான் தண்டால் அடைத்துவிட்டால், நீர் ஆவியாகிப் போக இடமிருக்காது. அளவீட்டுக்கு முன்னும் பின்னும் எடை பார்க்காத முடிவை நம்ப வேண்டியதில்லை.

சவ்வை எப்படி அடுக்குகிறோம் என்பதும் முக்கியம். பெரும்பாலான கருவிகளில் காந்தப்புலச் சரிவு (புலத்தின் வலிமை இடத்துக்கு இடம் மாறுவது) குழாயின் நீளவாக்கில் அமைவதால், நிமிர்த்தி வைத்த கீற்றுகள் சவ்வின் தளத்துக்குள் நிகழும் விரவலையே காட்டும். தடிமன் வழியே நிகழ்வது தேவையெனில், வட்டத் தகடுகளாக வெட்டிப் படுக்கையாக அடுக்க வேண்டும்.

அளவீட்டின் அடிப்படை, ஸ்டெஸ்கலும் டானரும் 1965இல் வெளியிட்ட துடிப்புச் சரிவு முறை: முதல் சரிவுத் துடிப்பு ஒவ்வொரு மூலக்கூறின் இடத்தையும் குறிக்கிறது, இரண்டாவது துடிப்புக்குள் அது நகர்ந்திருந்தால் எதிரொலி (துடிப்புகளுக்குப் பின் திரும்பி எழும் சைகை) குறைகிறது. சவ்வுக்குள் நீரின் குறுக்குத் தளர்வு (சைகை தானாகவே மங்குவது) விரைவானது என்பதால், சைகையில் பாதியை இழந்தாலும், இடைவெளியின்போது சைகையை மெதுவாகத் தளரும் நிலையில் வைத்திருக்கும் தூண்டப்பட்ட எதிரொலி வரிசையே ஏற்றது. விரவல் குணகம் வினாடிக்கு 5×10⁻¹⁰ சதுர மீட்டர், துடிப்பு நீளம் 1 மில்லிவினாடி, இரு சரிவுத் துடிப்புகளுக்கு இடைவெளி 20 மில்லிவினாடி எனக் கொண்டால், சைகை 13.5 விழுக்காடாகக் குறைய மீட்டருக்கு சுமார் 1.7 டெஸ்லா சரிவு வேண்டும். சாதாரணக் கரைசல் ஆய்வுக்கான முனை (கருவியில் மாதிரி வைக்கும் பகுதி) இவ்வளவு தருவது அரிது. துடிப்பை நீட்டினால் தளர்வில் சைகை மங்கும். சரிவின் வலிமையை முன்னதாகவே 25 டிகிரியில் தூய நீரைக் கொண்டு (அதன் விரவல் குணகம் வினாடிக்கு 2.3×10⁻⁹ சதுர மீட்டர்) அளவுதிருத்தம் செய்துகொள்ள வேண்டும்.

சைகையின் மடக்கையைச் சரிவு வலிமையின் வர்க்கத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்க வேண்டும். தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கிப் பின் தணிந்தால், மேற்பரப்பில் துடைக்காமல் விட்ட நீர்த்துளி மீது ஐயம் கொள்ளலாம். பிறகு இடைவெளியை 10, 50, 200 மில்லிவினாடிகள் என மாற்றிப் பாருங்கள். 20 மில்லிவினாடியில் நீர் நகரும் சராசரித் தொலைவு சுமார் 4.5 மைக்ரோமீட்டர்தான்; ஆகவே சவ்வின் விளிம்புகள் குறுக்கிடுவதில்லை. நீண்ட இடைவெளியில் மதிப்பு உயர்ந்தால், அடுக்குகளுக்கு இடையிலுள்ள ஆவி வழியே நீர் தாவுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கிடைப்பது தன்விரவல் குணகம், அதாவது செறிவு வேறுபாடு இல்லாமலே மூலக்கூறுகள் தாமாக நகர்வதன் அளவு. செறிவு வேறுபாட்டால் சவ்வின் ஊடே செல்லும் நீரோட்டத்தைக் கணக்கிட அதை அப்படியே எடுக்கக்கூடாது. ஈரப்பதத்துடன் நீர் உட்கொள்ளல் மாறும் வரைகோட்டிலிருந்து பெறும் வெப்ப இயக்கவியல் காரணியால் அதைப் பெருக்க வேண்டும்.