மார்கழியில் வந்த தென்னை நிழல்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் கிராமத்து வீட்டில் சித்திரையில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். வெயில் நாளில் 12 யூனிட் வரை வந்தது. மார்கழியில் மேகமே இல்லாத நாளிலும் 7 யூனிட்தான். இன்வெர்ட்டர் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். ஒரு நாள் முழுக்க மாடியிலேயே உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. சித்திரையில் உச்சியில் நிற்கும் சூரியன் மார்கழியில் தெற்கே சாய்கிறது. தெற்கு வேலியோரத் தென்னையின் நிழல் 2 பேனல் மேல் விழுந்தது. 6 பேனலும் தொடர் இணைப்பு என்பதால், அந்த இரண்டு மற்றவற்றையும் இழுத்துப் பிடித்தன.

காய்க்கிற மரத்தை வெட்ட மனம் வரவில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த இரண்டையும் வடக்கு ஓரத்துக்கு மாற்றினோம். வெயில் இருக்கும்வரை பேனல் கம்பியில் மின்சாரம் இருக்கும், நீங்களே கழற்றாதீர்கள். இப்போது 11 யூனிட் வருகிறது.