நின்றுபோன கிட் குளோன்

2021 கோடையில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப். வேலை முழுக்க திருநெல்வேலி வீட்டு மாடியறையில், போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி.

முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். விபிஎன் (வீட்டிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான வழி) இணைகிறது, சாட் ஓடுகிறது. நிறுவனத்தின் கோடு முழுவதையும் என் கணினிக்கு இறக்கும் கிட் குளோன் போட்டால் மட்டும் கர்சர் அப்படியே நின்றுவிடும், பிழைச் செய்திகூட வராது. 'இதுகூடத் தெரியாதா' என்று நினைப்பார்களோ என்று இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. அலுவலகமாக இருந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்திருப்பார்.

மூன்றாம் நாள் எது ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று வழிகாட்டி அக்காவுக்கு விவரமாக எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில்: "எம்டியூ எவ்வளவுன்னு பாத்தியாப்பா?"

டேட்டா பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகும்; ஒரு பாக்கெட் அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதுதான் எம்டியூ. சாதாரணமாக அது 1500 பைட். விபிஎன் அதன்மேல் தன் உறையைச் சுற்றினால் அளவு கூடிவிடும். வழியில் உள்ள ரவுட்டர் அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. 'பெரிசா இருக்கு' என்று திரும்பிவர வேண்டிய ஐசிஎம்பி செய்தியை (நெட்வொர்க் தன் பிழைகளைச் சொல்லும் வழி) ஏதோ ஒரு ஃபயர்வால் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் சின்னச் சின்ன பாக்கெட்டில் போகும் சாட் ஓடியது, பெரிய பாக்கெட் தேவைப்படும் குளோன் செத்தது.

துண்டாக்காமல் அனுப்பச் சொல்லி நிறுவனத்தின் உள் சர்வருக்கு வெவ்வேறு அளவில் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) அடித்தேன். 1372 பைட் போகவில்லை, 1272 போனது. ஹெடர் 28 சேர்த்தால் 1300. விபிஎன் இன்டர்ஃபேஸின் எம்டியூவாக அதையே வைத்தேன், குளோன் ஓடியது.

மறுநாள் ரீஸ்டார்ட் செய்ததும் அந்த மாற்றம் போய்விட்டது, பழைய கதை! அப்புறம்தான் விபிஎன் அமைப்புக் கோப்பிலேயே எழுதி வைத்தேன்.