லினக்ஸில் கிளைடர் ரெக்கார்டர்: என் அனுபவம்

பிரான்சிலிருந்து லாஸ்பேட்டைக்கு வந்த மாமா, தன் கிளைடரில் (எஞ்சின் இல்லாத விமானம்) இருந்த, பறப்பைப் பதிவு செய்யும் பழைய வோல்க்ஸ்லாகர் கருவியை நீட்டி, "மாப்ள, இதுல இருக்கிற பறப்பையெல்லாம் எடுத்துக் குடு" என்றார். அதன் மென்பொருள் அந்தக்கால விண்டோஸுக்கானது. என்னிடம் இருப்பதோ உபுண்டு 22.04 என்ற லினக்ஸ்.

ரெக்கார்டரைக் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி-சீரியல் கேபிளைச் செருகினால், டிமெஸ்ஜியில் (லினக்ஸ் கெர்னலின் செய்திப் பதிவு) டிடிஒய்யுஎஸ்பி0 என்ற போர்ட் தோன்றி அடுத்த நொடியே மறைந்தது. கேபிள்தான் மட்டம் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் உண்மையான காரணம் பிஆர்எல்டிடிஒய். பார்வையற்றோரின் பிரெயில் கருவிகளுக்கான மென்பொருள் அது. கேபிளில் யுஎஸ்பியை சீரியலாக மாற்றும் சிஎச்340 சிப்பையும் பிரெயில் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் அதற்குத் தேவையில்லை, நீக்கிவிட்டேன். (அந்த மென்பொருள் தேவைப்படுபவர்கள் எஃப்டிடிஐ என்ற வேறு சிப் உள்ள கேபிளாக வாங்கிவிடுங்கள்.) போர்ட் நிலைத்தது.

அப்புறம் போர்ட்டைத் திறக்கப் போனால் 'அனுமதி இல்லை'. சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதியுள்ள டயல்அவுட் குழுவில் என் பெயரைச் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப நுழைந்ததும் தீர்ந்தது.

பறப்புகளை இறக்க எக்ஸ்சிசோர் என்ற கிளைடர் மென்பொருள் இருக்கிறது; லினக்ஸிலேயே ஓடும், இலவசம். சாதனப் பட்டியலில் போர்ட்டையும் வோல்க்ஸ்லாகர் டிரைவரையும் தேர்ந்தெடுத்து, பறப்புகளை ஐஜிசி ஃபைலாக (கிளைடர் பறப்புப் பதிவுக்கான வடிவம்) இறக்கினேன்.

"நேரம் 2 மணி பிந்துதேடா!" என்று மாமா பதறினார். ஐஜிசியில் பதிவது யுடிசி என்ற உலகப் பொது நேரம். பிரான்சின் கோடைக்கால நேரம் அதைவிட 2 மணி கூடுதல். அதற்காக ஃபைலில் நேரத்தைத் திருத்திவிடக் கூடாது: ஃபைலின் கடைசியில் 'ஜி' என்று தொடங்கும் வரிகள் டிஜிட்டல் கையொப்பம். பதிவில் கைவைத்தால் சரிபார்ப்பில் தேறாது.