பிளாக் ஹில்ஸ் மலைகளை ஒரே நாளில் பஸ்ஸில் சுற்ற

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கிறார்கள், அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், பிளாக் ஹில்ஸ் மலைகளில் நான்கு அதிபர்களின் முகங்களைச் செதுக்கிய ரஷ்மோர் மலையைக் காட்ட வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: காரைப் பக்கத்து நகரமான ரேபிட் சிட்டியில் விடுதி வாசலிலேயே விட்டுவிட்டு, வழிகாட்டியோடு போகும் ஒரு நாள் பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள். அங்கே அயர்ன் மவுண்டன் ரோட்டில் 17 மைலுக்குள் 314 வளைவுகள். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் பழகிய கையாக இருந்தாலும், ஸ்டீயரிங்கைப் பிடித்தவருக்குத் தார்ச்சாலையைத் தவிர வேறெதுவும் பார்க்கக் கிடைக்காது.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த வரிசையில் சுற்றுகிறார்கள் என்பது. ரஷ்மோரின் முகங்கள் தென்கிழக்கு பார்த்தவை. காலை வெயிலில் மூக்கும் நெற்றியும் துலக்கமாகத் தெரியும். பிற்பகலில் நிழல் விழுந்து மங்கிவிடும். ஆகவே ரஷ்மோரைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். அயர்ன் மவுண்டன் ரோட்டுக்கு வேறு கணக்கு. அங்குள்ள மூன்று சுரங்கப் பாதைகளும், வடக்கே வருகிறவருக்கு அவற்றின் வாய் வழியாக மலைமுகங்கள் தெரியும்படி அமைக்கப்பட்டவை. தெற்கே போனால் அந்தக் காட்சி முதுகுக்குப் பின்னால் போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால் காலையில் ரஷ்மோர், அங்கிருந்து மேற்கே சுற்றி, பூர்வகுடித் தலைவர் ஒருவரை மலையில் செதுக்கும் கிரேசி ஹார்ஸ், பிறகு நீடில்ஸ் நெடுஞ்சாலை, கஸ்டர் மாநிலப் பூங்கா, கடைசியாக அயர்ன் மவுண்டன் ரோடு வழியாக வடக்கே திரும்புவது. இதைத் தலைகீழாகச் சுற்றும் பஸ் மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

அடுத்து பஸ்ஸின் அளவைக் கேளுங்கள். நீடில்ஸ் நெடுஞ்சாலையில் ‘ஊசிக்கண்’ என்று பெயர் பெற்ற சுரங்கத்தின் அகலம் சுமார் 8 அடிதான். பெரிய பஸ் என்றால் அந்தச் சாலையில் போகுமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். குளிர்காலத்தில் அது மூடியே கிடக்கும். கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்பதையும் விசாரியுங்கள். ரஷ்மோரில் நுழைவுக் கட்டணம் இல்லை, வண்டி நிறுத்தத்தான் கட்டணம். கிரேசி ஹார்ஸிலும் கஸ்டர் பூங்காவிலும் நுழைவுக்கே கட்டணம் உண்டு.

கிழக்கிலிருந்து வருபவர்களுக்கு ஒரு விஷயம். இந்த மாநிலத்தின் கிழக்குப் பாதியும் மேற்குப் பாதியும் ஒரே நேரத்தில் இல்லை. சிகாகோ, மினியாபொலிஸ் பக்கமிருந்து போனால் ரேபிட் சிட்டியில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கும். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், அப்பாவின் கைக்கடிகாரம் மாறாது. விடியற்காலையில் எல்லோரையும் எழுப்பி உட்கார வைத்துவிடுவார்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் முன்வரிசை. சுரங்கத்தின் வழியே தெரியும் காட்சி முன்கண்ணாடியில்தான் விழும், பக்கக் கண்ணாடியில் பாறைச்சுவர்தான். குமட்டலும் முன்னால் குறைவு. வளைவுப் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு விழுங்கி அதிகப் பயன் இல்லை. காலை உணவு எண்ணெய் இல்லாமல் அளவாக இருக்கட்டும். சைவர்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம். கோடையில் பிற்பகல் இடிமழை திடீரென்று வரும், ஆலங்கட்டியும் விழும். மெல்லிய மழைச்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

ரஷ்மோரில் பெரும்பாலோர் மேடையில் நின்று படம் எடுத்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விடுகிறார்கள். ஐஸ்கிரீம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முதலில் சிற்பியின் பட்டறைக்குப் போங்கள். குட்சன் போர்க்ளம் செய்த மாதிரியில் நால்வரும் இடுப்பு வரை இருப்பார்கள். 1927-ல் தொடங்கிய வேலை 1941-ல் நின்றபோது மலையில் முகங்கள் மட்டுமே முடிந்திருந்தன. ஒவ்வொரு முகமும் 60 அடி உயரம். பாறையில் சுமார் 90 சதவீதத்தை வெடி வைத்தே எடுத்தார்கள். கடைசிச் சில அங்குலங்களில் நெருக்கமாகத் துளையிட்டு, தேன்கூடு மாதிரி ஆன கல்லைக் கையால் பெயர்த்தார்கள். பைனாகுலர் இருந்தால் கண்களைப் பாருங்கள். குழித்த கருவிழிக்குள் ஒரு கல்முளையைக் குடையாமல் விட்டிருக்கிறார்கள். அதன் நுனியில் படும் வெளிச்சம்தான் தூரத்திலிருந்து பார்வையாகத் தெரிகிறது. மலையடிப் பாதையைச் சுற்றி முடிக்க 422 படிகள்; முழங்கால் வலி உள்ளவர்கள் சமதளமான தொடக்கப் பகுதியோடு திரும்பிவிடலாம்.

வழிகாட்டியிடம் இந்த மலை யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். நல்ல வழிகாட்டி என்றால் அமெரிக்க அரசு பூர்வகுடிகளான சியூ மக்களோடு செய்த 1868 ஒப்பந்தத்தில் தொடங்குவார். அதன்படி பிளாக் ஹில்ஸ் அவர்களுக்குரியது. தங்கம் கிடைத்ததும் அது பறிபோனது. 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீட்டை உறுதிசெய்தது. நிலமே வேண்டும் என்று அவர்கள் அதைத் தொடவில்லை. இதைக் கேட்டுவிட்டுக் கிரேசி ஹார்ஸுக்குப் போனால் அந்த இடம் வேறுவிதமாகப் புரியும். சியூ மக்களில் ஒரு பிரிவான லகோட்டாக்களின் தலைவர் ஹென்றி ஸ்டாண்டிங் பேர் அழைத்து, 1948-ல் கோர்சாக் ஜியோல்கோவ்ஸ்கி தொடங்கிய சிற்பம் அது. முகம் 1998-ல்தான் முடிந்தது, மற்ற வேலை இன்றும் நடக்கிறது. அரசுப் பணம் வாங்குவதில்லை. மலையைக் குடைவதே தவறு என்று சொல்லும் லகோட்டா மக்களும் உண்டு.

கஸ்டர் பூங்காவில் பைசன் என்ற காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்தால் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். அவசரப்படுத்தாதீர்கள், கீழே இறங்கவும் கூடாது. கோடைத் தொடக்கத்தில் அவற்றின் குளிர்கால ரோமம் கொத்துக் கொத்தாக உரிந்து தோளில் தொங்கும். ஜன்னலுக்கு அருகில் வந்தால் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கும்.

பகல் பஸ்களில் பல, இருட்டுவதற்குள் திரும்பிவிடும். ரஷ்மோரில் கோடைக்கால இரவுகளில் விளக்கேற்றும் நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் அன்றிரவே காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போக வேண்டியிருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கும்போது வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம், சில்லறை நோட்டுகளை முன்பே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.