வைல்ட் கோஸ்ட்டில் அவசரமில்லாத கோடை விடுமுறை: திட்டமிடுவது எப்படி?

டிசம்பர் கோடை விடுமுறை என்றால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் மார்கேட், போர்ட் எட்வர்ட் வரை போய்த் திரும்பிவிடுகிறோம். அங்கிருந்து உம்டம்வுனா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வேறொரு உலகம் தொடங்குகிறது. தெற்கே கெய் ஆறு வரை, நிறவெறிக் காலத்தில் கோசா மக்களுக்கென்று ஒதுக்கிய பழைய டிரான்ஸ்கெய் பகுதியின் கடற்கரை முழுவதும், வைல்ட் கோஸ்ட். புல் மூடிய மேடுகள், நீலமும் பச்சையும் பூசிய வட்டக் குடிசைகள், வெயிலுக்கு மணலில் படுத்திருக்கும் மாடுகள். அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்வந்த பிறகு, "எப்படிப் போனீர்கள், பயமில்லையா?" என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது.

வண்டிப் பத்திரம், மருந்துப் பெட்டி போன்றவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கடற்கரைக்கே உரிய விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

1. நாளைத் தேர்ந்தெடுப்பது

பள்ளி மூடியதும் கிளம்பி, கிறிஸ்துமஸுக்கு முன்பே திரும்பிவிடுங்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை போர்ட் செயின்ட் ஜான்ஸ் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. இன்னொன்று, டிசம்பர் 16 நல்லிணக்க நாளை ஒட்டிய நாட்களில் ஜோஹானஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் வேலை செய்பவர்கள் ஈஸ்டர்ன் கேப்பில் உள்ள சொந்த ஊர்களுக்குத் திரும்புவார்கள். அப்போது என்2 நெடுஞ்சாலை நிரம்பி வழியும். அந்த இரண்டு மூன்று நாட்களைத் தவிர்த்து, அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.

ஜனவரியில் பள்ளி திறப்பதற்கு முன் இடம் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் வீடுகள் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கொடியேற்றத்துக்குப் பிறகு வெளியூர்ச் சாப்பாடு யாருக்கும் ஒத்துவராது.

கோடை என்பது இங்கே மழைக்காலமும்தான். வெயில் அடிக்கும் காலையிலேயே பிற்பகல் மழையையும் எதிர்பார்க்க வேண்டும். அடுத்த படியில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இந்த மழைதான்.

2. எத்தனை இடம்? இரண்டு போதும்

எங்கள் வீட்டில் அதிக நாள் பேசித் திணறியது இந்தப் படியில்தான். வரைபடத்தில் ம்காம்பாதி, போர்ட் செயின்ட் ஜான்ஸ், ம்டும்பி, காஃபி பே, மசெப்பா பே எல்லாம் அடுத்தடுத்து வரிசையாக நிற்கும். இடத்துக்கு ஒரு நாள் என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். வைல்ட் கோஸ்ட்டில் கடலை ஒட்டிய சாலை கிடையாது.

ஒரு தென்னங்கீற்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடுமட்டை, உள்நாட்டு வழியாகப் போகும் பெரிய சாலை. ஈர்க்குகள், கடலுக்கு இறங்கும் கிளைச் சாலைகள். ஓர் ஈர்க்கின் நுனியிலிருந்து அடுத்த நுனிக்குப் போக மறுபடி மட்டைக்கு ஏறி வந்தாக வேண்டும். நடுவில் ஆறுகள், ஆழமான பள்ளத்தாக்குகள். ம்சிகாபா பள்ளத்தாக்கின் மேல் கட்டப்பட்டு வரும் தொங்குபாலத்தின் நீளம் மட்டுமே 580 மீட்டர் என்றால் நிலத்தின் அமைப்பை யோசித்துப் பாருங்கள்.

போர்ட் செயின்ட் ஜான்ஸிலிருந்து காஃபி பே நேர்கோட்டில் சுமார் 55 கி.மீ. நல்ல சாலையில் போவதென்றால் ஆர்61 சாலை வழியாக உள்நாட்டுப் பெரிய ஊரான ம்தாதாவுக்கு ஏறி, என்2வில் தெற்கே சுமார் 20 கி.மீ. போய், வீட்ஜஸ்வில்லில் இடப்பக்கம் திரும்பி மறுபடி கடலுக்கு இறங்க வேண்டும். ஏறக்குறைய 200 கி.மீ. ஆகிவிடும். அரை நாள் போய்விடும்.

அதனால் கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடாமல் மணியை வைத்துப் போடுங்கள். என் கணக்கு இது: என்2வில் மணிக்கு 70 கி.மீ., குழி விழுந்த தார்ச் சாலையில் 40, மண் சாலையில் 20. வண்டி இதைவிட வேகமாகப் போகும். ஆனால் மாடு, ஆடு, ஊருக்கு ஊர் வேகத்தடை எல்லாம் சேர்ந்தால் கடைசியில் இந்தக் கணக்கில்தான் வந்து நிற்கும். வீட்ஜஸ்வில்லிலிருந்து காஃபி பேக்குக் கிட்டத்தட்ட 80 கி.மீ., தார்ச் சாலைதான். அதற்கே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அடுத்து, போனில் உள்ள வரைபடம். அது எப்போதும் குறுக்கு வழியைக் காட்டும். காட்டும் வழியை அப்படியே ஏற்காமல் இப்படிச் செய்யுங்கள்:

- செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றி வழி முழுவதையும் விரலால் நகர்த்திப் பாருங்கள். தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
- கோடு ஆற்றைக் கடக்கும் இடத்தைப் பெரிதாக்குங்கள். அங்கே பாலம் இருக்கிறதா, தண்ணீர் மேலேறினால் மூழ்கும் தாழ்வான தரைப்பாலமா என்று பாருங்கள்.
- கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலை விடுதிக்குப் போன் செய்து, "இன்றைக்கு வந்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள்?" என்று கேளுங்கள். "சாலை நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

எனக்குப் பிடித்த கருவி டிராக்ஸ்4ஆப்பிரிக்கா காகித வரைபடம். தூரத்தோடு பயண நேரத்தையும் அதில் அச்சிட்டிருப்பார்கள். போன் சிக்னல் மேட்டுக்கு மேடு வந்து போகும் ஊரில் காகிதம் கைவிடாது. போன் வரைபடமும் வேண்டும் என்றால் டர்பனிலேயே ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்பது இரவு என்றால் நான் பரிந்துரைப்பது: போர்ட் செயின்ட் ஜான்ஸ் பக்கம் நான்கு, காஃபி பே அல்லது ம்டும்பியில் ஐந்து. போகும்போது போர்ட் எட்வர்ட், பிசானா, ஃபிளாக்ஸ்டாஃப், லுசிகிசிகி வழியாக ஆர்61. திரும்பும்போது ம்தாதா, கோக்ஸ்டாட் வழியாக என்2. வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

நீர்வீழ்ச்சி பிடிக்குமென்றால் முதல் தங்கலை ம்காம்பாதி காப்பகத்துக்கு மாற்றலாம். ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து கிளை பிரியும். அங்கே ஆறு பாறையிலிருந்து கடற்கரையிலேயே விழுகிறது. ம்டென்டு, ம்சிகாபா ஆற்றங்கரைகளில் மட்டுமே இயற்கையாக வளரும் போண்டோ பனை மரத்தையும் அங்கே பார்க்கலாம். அது நம் தென்னையின் நெருங்கிய உறவு, குட்டித் தேங்காய்கள் காய்க்கும். அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு முழங்கால் வலி மறந்துபோனது.

3. வண்டி

சாதாரண கார் போதும். பக்கி (பின்னால் திறந்த சிறு சரக்கு வண்டி) இருந்தால் நிம்மதி. நான்கு சக்கர இயக்கம் கட்டாயம் என்று சொல்பவர்கள் கிளைச் சாலையிலிருந்தும் விலகி உள்ளே போகிறவர்கள். வண்டியைவிட டயர் முக்கியம். ஒல்லியான தற்காலிக ஸ்பேர் வீலை நம்பி இந்தப் பக்கம் வராதீர்கள், முழு அளவு ஸ்பேர் வீல் வேண்டும். காற்றழுத்தமானி, சிகரெட் லைட்டரில் மாட்டும் பம்ப், பஞ்சர் அடைக்கும் ரப்பர் திரி ஆகிய மூன்றையும் வாங்கி வையுங்கள்.

இருட்டில் ஓட்டவே கூடாது. கறுப்பு மாடு கறுப்புச் சாலையில் படுத்திருக்கும். மழை பெய்த பிறகு தண்ணீர் நிறைந்த குழி எவ்வளவு ஆழம் என்று பகலிலேயே தெரியாது. டர்பனிலிருந்து விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டைக் கடலைப் பார்த்துச் சாப்பிடலாம்.

*பிறகு சேர்த்தது:* டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா வாடகைக் காரில் போகலாமா என்று கேட்டிருந்தார். போகலாம். ஆனால் ஒப்பந்தத்தில் மண் சாலை பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவற்றுக்குக் காப்பீடு இல்லை என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அவற்றுக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் தார்ச் சாலை போய்ச் சேரும் இடங்களில் மட்டும் தங்குங்கள்.

4. சாப்பாடு, பணம்

ம்தாதாவில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் இருக்கின்றன. கடலோரச் சிற்றூர்களில் ரொட்டி, முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம் கிடைக்கும், அவ்வளவுதான். மசாலா, பருப்பு, புளி, கறிவேப்பிலை வீட்டிலிருந்தே வரட்டும். லக்கி ஸ்டார் டின் மீன் நான்கைந்து இருந்தால் மழை நாள் சமையல் முடிந்தது. முதல் நாளுக்குப் புளியோதரையும் ரொட்டியும் கட்டிக்கொள்ளுங்கள். சமையலறையுள்ள விடுதியாக இருந்தாலும் ஒரு சிறிய கேஸ் அடுப்பு அவசியம், மின்சாரம் போவதும் வருவதும் அங்கே சாதாரணம். குடிநீர் பெரும்பாலும் ஜோஜோ பிளாஸ்டிக் டேங்கில் பிடித்த மழைநீர்தான். கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஊர்ச் சாப்பாட்டில் நல்ல துணை உம்ங்குஷோ. உடைத்த சோளமும் பீன்ஸும் சேர்த்து வேக வைத்தது. எலும்பு போட்டு வேக வைத்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசலுக்கே கிரேஃபிஷ் (சிங்கி இறால்) கொண்டுவந்து விற்பார்கள். கிழக்குக் கடற்கரையில் அதைப் பிடிக்கத் தடைக்காலம் நவம்பர் முதல் பிப்ரவரி முடியும்வரை. கறி எவ்வளவு ருசி என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கோடையில் வாங்காதீர்கள். முட்டை சுமந்த பெண் கிரேஃபிஷ் சட்டிக்குப் போனால் அடுத்த வருடம் அந்தப் பாறையில் என்ன மிஞ்சும்? ஷாட் மீனுக்குத் தடை நவம்பரோடு முடிந்துவிடும். தூண்டில் போடுவதாக இருந்தால் தபால் நிலையத்தில் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு ஷாட் பிடிக்கலாம்.

ஏடிஎம்மை நம்பாமல் சில்லறை நோட்டுகளாக ரொக்கம் வைத்திருங்கள். வழிகாட்டி, வீட்டில் சுட்ட ரொட்டி, படகு எல்லாமே ரொக்கம்தான். ஊர்க்காரர்கள் நடத்தும் தங்குமிடத்தையே முதலில் தேடுங்கள். ந்கிலேனி கிராமத்தில் உள்ள புலுங்குலா விடுதி கிராமத்தாருக்கே சொந்தம். இந்தக் கடற்கரை இன்னும் இப்படி இருப்பதே ஊர்க்காரர்களால்தான். இதே கடற்கரையின் சோலோபேனியில் டைட்டானியம் சுரங்கத்தை எதிர்த்து மக்கள் வழக்குப் போட்டு, அவர்கள் சம்மதம் இல்லாமல் உரிமம் கொடுக்கக் கூடாது என்று 2018இல் தீர்ப்பு வாங்கினார்கள். நம் விடுமுறைப் பணம் அவர்கள் கைக்குப் போகட்டும்.

5. கடலில் இறங்கும் முன்

நாம் டர்பனில் சுறா வலைக்குள் குளித்துப் பழகியவர்கள். அந்த வலைகள் ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து போர்ட் எட்வர்ட் வரைதான். அதற்குத் தெற்கே கிடையாது. மழைக்குப் பிறகு ஆறு கலங்கி வரும்போது முகத்துவாரத்தில் ஸாம்பெஸி சுறாக்கள் இரை தேடும். போர்ட் செயின்ட் ஜான்ஸின் செகண்ட் பீச்சில் 2007க்குப் பிறகு பலர் உயிரிழந்திருக்கிறார்கள். அங்கே கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். தண்ணீர் பழுப்பாக இருந்தால் எந்த இடத்திலும் இறங்காதீர்கள். பிள்ளைகளுக்கு, அலை வடிந்த நேரத்தில் பாறைக் குட்டைகளே போதும்.

அலை வடியும் நேரம் தெரிய நம் நாட்காட்டியே உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். இந்தக் கடற்கரையில் அந்நாட்களில் காலை 9, 10 மணி வாக்கில் கடல் நன்றாக வற்றியிருக்கும். முகத்துவாரத்தைக் கடக்கும் நடையை அந்தக் காலைகளில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்து போன ஆற்றைப் பிற்பகலில் கடக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அலைகள் துளைத்த பெரிய கடல் பாறையான ஹோல் இன் தி வாலுக்குக் காஃபி பேயிலிருந்து குன்றுகளின் மேல் மூன்று மணி நேர நடை. முடியாதவர்கள் காரில் போய்ச் சேரலாம். அந்தப் பாறைத் துளையை நீந்திக் கடக்க யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். எதிரே புல்லில் உட்கார்ந்து அலை மோதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாலே அரை நாள் போய்விடும்.

*பிறகு சேர்த்தது:* வழியில் உடல் முழுக்க வெள்ளைக் களிமண் பூசி, போர்வை போர்த்திய பையன்களைப் பார்த்துப் படம் எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். எடுக்கக் கூடாது. டிசம்பர், கோசா இளைஞர்கள் ஆண்மைச் சடங்குக்குப் போகும் காலம். அவர்களைப் பார்க்க நேர்ந்தால் பேசாமல் கடந்து போய்விடுங்கள். மற்றவர்களிடம் "மோல்வேனி" என்று வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள், வயதில் பெரிய பெண்களை "மாமா" (அம்மா), ஆண்களை "டாடா" (அப்பா) என்று அழையுங்கள். டர்பனில் பேசிப் பழகிய ஜூலுவும் அங்கே ஓரளவு புரியும்.

*இன்னொன்று:* ஜோஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து வருபவர்கள் ஒரே நாளில் காஃபி பே வரை ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். கோக்ஸ்டாடில் ஓர் இரவு தங்கி, அங்கேயே டேங்கை நிரப்பி, காலையில் கிளம்புங்கள். வீட்ஜஸ்வில் திருப்பத்தைப் பிற்பகல் 2 மணிக்குள் எட்டிவிட்டால் வெளிச்சத்திலேயே விடுதிக்குப் போய்ச் சேரலாம். அதற்கு மேல் தாமதமாகிவிட்டால் ம்தாதாவிலேயே தங்கிவிட்டு, மறுநாள் இறங்குங்கள்.